வில்லங்கத்தில் நின்ற பழைய கடன்

தாம்பரம் பக்கம் தெருத்தெருவாக வண்டியில் சுற்றி, கேட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்துத்தான் இந்த வீட்டைப் பிடித்தேன். "விற்பனைக்கு. புரோக்கர் வேண்டாம்" என்று மார்க்கரில் எழுதியிருந்தது. ஓனர் ஓய்வுபெற்றவர்; காபி கொடுத்த பிறகுதான் விலையே சொன்னார்.

விலை பேசுவது சுலபம். காகித வேலைதான் நம் தலையில் விழும். பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கம் போட்டேன்; அந்த வீட்டின் மேல் பதிவான விற்பனை, கடன் எல்லாம் அதில் தெரியும். 2014-ல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் அப்படியே நின்றது.

"அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சு தம்பி" என்றார். உண்மைதான், கடன் தீர்ந்த கடிதம் பீரோவில் இருந்தது. ஆனால் கடன் தீர்ந்ததென்று வங்கி எழுதித்தரும் ரசீது ஆவணத்தை யாரும் பதிவு செய்யவே இல்லை.

அட்வான்ஸை நிறுத்திவைத்தேன். அவரைப் பின்னால் உட்காரவைத்து வங்கிக்கு மூன்று நடை. வங்கியிலிருந்து ஆள் வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது பதிவானதும் மறுபடி வில்லங்கம் எடுத்தேன், ஏறியிருந்தது. அப்புறம்தான் அட்வான்ஸ்.

மிச்சமான புரோக்கர் கமிஷனில் கொஞ்சம் வக்கீலுக்குப் போனது. தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப்பத்திரத்திலிருந்து, எல்லாம் பார்த்தார். அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%. அது யார் வழியாக வாங்கினாலும் கட்டத்தான் வேண்டும்.