இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக: வேதத்தில் கடவுளைத் தேடுகிறவர்களுக்கு

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டது, உங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் இன்னும் செருகியிருக்கும். அதிலிருந்தே தொடங்குங்கள். வசனத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் அதிகாரமும் எண்ணும் இருக்கும். வேதாகமத்தை எடுத்து அந்த இடத்தைத் திறந்து, அதற்கு முன்னே ஒரு பக்கம், பின்னே ஒரு பக்கம் வாசியுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று கேள்வித்தாளில் எழுதி எழுதியே காலம் போயிற்று. சொன்னவர் யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் என்று எழுதாமல் நேரே பொருளுக்குத் தாவுகிற பிள்ளைக்குப் பாதி மதிப்பெண்தான். வகுப்பில் செய்யுளுக்குக் கொடுத்த இந்த மரியாதையைக் கோயிலில் வசனத்துக்கு நாம் கொடுப்பதில்லை.

அட்டைகளில் அதிகம் வருவது எரேமியா 29:11. ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று கர்த்தர் சொல்லும் வசனம். திருமணப் பத்திரிகையிலிருந்து தேர்வு எழுதப் போகும் பிள்ளையின் பேனாப் பெட்டிவரை அதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக் கொண்டுபோன யூதா ஜனங்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று தவணை சொல்லப்பட்டிருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. ‘வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நிய ஊரின் நன்மைக்காக ஜெபியுங்கள்’ என்பதுதான் அவர்களுக்கு வந்த உத்தரவு. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன தீர்க்கதரிசியும் ஒருவன் இருந்தான். முந்தின அதிகாரத்தில் வரும் அனனியா. அவன் சொன்னது பொய். இதை வாசித்த பிறகு அட்டையைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதத்தில் வேலை கிடைக்கும் என்பதற்கான சான்றிதழாக அதைப் பிடித்துக்கொள்ளவும் முடியாது.

இன்னொன்று, கடைத் திறப்பு விழாக்களில் பலகையில் எழுதி வைப்பது: துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பது. யோபு 8:7. சொன்னவர் யார் என்று கேட்டால் ‘கர்த்தர்’ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். சொன்னது சூகியனான பில்தாத். பிள்ளைகள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற யோபிடம், அந்தப் பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் அவன் கொடுக்கிற ஆறுதல் இது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவனையும் அவன் கூட்டாளிகளையும் கோபித்துக்கொண்டு, தம்மைக் குறித்து அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோபின் முடிவு சம்பூரணமாகத்தான் இருந்தது என்பது உண்மைதான். பில்தாத் சொன்ன கணக்கின்படி அல்ல, அவ்வளவே.

ஆகவே, துண்டு துண்டாக வாசிப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். ஒரு புத்தகத்தை எடுத்தால் அதை முழுவதும் வாசியுங்கள். முதலில், இயேசுவின் வரலாற்றைச் சொல்லும் மாற்கு சுவிசேஷம், பதினாறே அதிகாரம். சத்தமாக வாசித்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் எழுந்து போகாதீர்கள், ஓரத்தில் குறித்திருக்கும் ஒத்துவாக்கியங்களை, அதாவது அதே கருத்து வரும் வேறு இடங்களைப் புரட்டாதீர்கள், கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். சத்தமாக வாசிக்கும்போது ஒன்று காதில் விழும்: இயேசு யார் என்று முதல் அதிகாரத்திலேயே சரியாகச் சொல்வது அசுத்த ஆவி. ‘உம்மை இன்னார் என்று அறிவேன்’ என்கிறது. கூடவே நடக்கிற சீஷன் பேதுருவுக்கு அந்த விடை வர எட்டாம் அதிகாரம் ஆகிறது. வந்த கையோடு திட்டும் வாங்குகிறான். சபையில் நடக்கும் வேதாகம வினாடி வினாவில் பரிசு வாங்குகிற எங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிப்பது நல்லது. சரியான விடை தெரிந்திருப்பதற்கும் அவரைத் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரத்தை மாற்கு ஒளிக்காமல் காட்டுகிறார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கத்தில், வாசித்த பகுதியில் கடவுள் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள். ‘அன்புள்ளவர்’, ‘சர்வ வல்லவர்’ என்று பட்டங்கள் எழுத வேண்டாம், வினைச்சொல்லாக எழுதுங்கள். தொட்டார், அழைத்தார், கோபப்பட்டார், விலகிப் போய் ஜெபித்தார். வலப்பக்கம், அங்கே பதில் இல்லாத கேள்விகளுக்கு. அந்தப் பக்கம் நிரம்பினால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது காலியாகவே கிடந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இரண்டாவது புத்தகமாக யோபை எடுங்கள். முடிந்தால் மற்றவர்களோடு. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பெண்கள் சிலர் சேர்ந்து வாசிக்கிறோம். அதில் ஒருத்தி மடியில் பீடிச் சுளகை வைத்துக்கொண்டே கேட்பாள். இலையை வைத்துத் தூளைப் பரப்பிச் சுருட்டி நூல் கட்டுகிற கை நிற்காது. கடைசி அதிகாரம் முடிந்தபோது அந்தக் கை நின்றது. “அப்படியானால் யோபுக்குக் கடைசிவரை காரணத்தைச் சொல்லவே இல்லையா, டீச்சர்?”

சொல்லவில்லை. பரலோகத்தில் சாத்தான் வந்து பேசியது முதல் இரண்டு அதிகாரங்களில் நமக்குத் தெரிகிறது, யோபுக்குத் தெரியாது. பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசுகிறபோதுகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்கிறார். வரையாடு ஈனும் காலம் தெரியுமா என்கிறார். பனி, குதிரை, கழுகு என்று கேள்விகள் நீள்கின்றன. கேட்டதற்கு விடை இல்லை. ஆனாலும் யோபு, இதுவரை காதினால் கேள்விப்பட்டிருந்தேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது என்கிறான். காரணம் தெரியாமலே ஆளைத் தெரிந்துகொண்டான். வேதவாசிப்பு நமக்குக் கொடுக்கக்கூடியதும் ஏறக்குறைய இவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். சாவு வீட்டில் யாராவது ‘கர்த்தர் ஏன் இப்படிச் செய்தார் தெரியுமா’ என்று ஆரம்பித்தால், அவர் பில்தாத்தின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாசிக்க 88ஆம் சங்கீதம் இருக்கிறது. கடைசி வரிவரை இருட்டாகவே போகிற பாட்டு அது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது என்று கேட்பவர்களுக்கு உபாகமம் 29:29 ஒரு வேலி. மறைவானவை கர்த்தருக்கு உரியவை. வெளிப்படுத்தப்பட்டவை, செய்யும்படிக்கு நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை. ‘செய்யும்படிக்கு’ என்பதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். உலகம் முடியும் தேதியைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த வசனம் கண்ணிலேயே படாதது எப்படி என்று நான் ஆச்சரியப்படுவதுண்டு.

கடைசியாக, மறுபடியும் எரேமியா. இந்தத் தடவை 22ஆம் அதிகாரம். யோயாக்கீம் ராஜா கூலி கொடாமல் ஆட்களை வேலை வாங்கி, கேதுரு மரம் பதித்துப் பெரிய மாளிகை கட்டுகிறான். அவன் தகப்பன் யோசியா எளியவனுடைய நியாயத்தை விசாரித்தவன். ‘அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு’ என்று கர்த்தர் கேட்கிறார். கடவுளை அறிவது எப்படி என்று வேதத்தில் தேடிப்போனால், வேதமே புத்தகத்தை மூடிவிட்டுக் கூலிக் கணக்கைப் பார் என்று அனுப்புகிற இடம் இது.

நாங்கள் அதை வாசித்த மாலையில், யார் வீட்டில் யாருக்குப் பாக்கி இருக்கிறது என்ற பேச்சு வந்தது. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு சுமுகமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நீங்களும் குழுவாக வாசிப்பதானால் இந்த அதிகாரத்தை மாதக் கடைசியில், சம்பளம் கொடுப்பதற்கு முந்தின வாரத்தில் வையுங்கள்.