ஜப்பான் பேல் ஏல் ஒண்டு கைக்கு வந்தா எப்பிடி ருசி பாக்கிறது

வெளிநாட்டில இருந்து வாற ஆக்கள் இப்ப விஸ்கிப் போத்திலோட சேத்து கிராஃப்ட் பியர் (சின்னக் கொம்பனியள் காய்ச்சுற பியர்) ரின்னும் கொண்டு வரினம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமும் ஒண்டு ரெண்டு வீட்டில காணக் கிடைக்குது. எங்கட சனம் அதை என்ன செய்யிறது எண்டா லயன் லாகர் மாதிரி ஐசுக்குள்ள தாட்டு வைச்சு நாலு மிடறில முடிச்சுப்போட்டு "சும்மா கசக்குதப்பா" எண்டுறது. கசக்கும்தான், ஆனா அவ்வளவு குளிரில வேற ஒண்டும் நாக்குக்குத் தெரியாது.

நான் சொல்லுறது யோனா யோனா ஏலை வைச்சு, இது பேல் ஏல் எண்ட மணம் தூக்கலான பியர் வகை. யோ-ஹோ எண்ட கொம்பனி நாகானோ மாகாணத்தில காய்ச்சுறது, 1997 இல இருந்து வருது, அல்ககோல் 5.5 வீதம், எங்கட லயன் லாகர் 4.8 எண்டபடியா பெரிய வித்தியாசமில்லை. ஜப்பானில 1994க்கு முன்னம் வருசத்துக்கு 20 லட்சம் லீற்றர் காய்ச்சக்கூடிய ஆக்களுக்குத்தான் பியர் லைசென்ஸ், அதை 60 ஆயிரம் லீற்றராக் குறைச்ச பிறகுதான் இந்தச் சின்னக் கொம்பனியள் முளைச்சது. பெரிய கொம்பனியளோட லாகரில, அதாவது லயன் மாதிரிச் சாதாரண பியரில, போட்டி போட ஏலாதெண்டுதான் கனபேர் மணத்தில கை வைச்சவை எண்டு நான் நினைக்கிறன்.

முதல் ரின்னின்ர அடியைப் பாருங்கோ, திகதி இருக்கும், வருசம் முன்னுக்கு மாதம் பின்னுக்கு. திகதி முடிய எவ்வளவு காலம் இருக்கோ அவ்வளவு நல்லம், ஏனெண்டா ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் குடுக்கிற ஒரு கொடியின்ர பூ) மணம் நாள் போகப் போகக் குறையும், சூடு பட்டா இன்னும் கெதியாப் போகும். கட்டுநாயக்காவில இறங்கி ஏ9 முழுக்க வானின்ர டிக்கிக்குள்ள வெந்து வந்த ரின்னிட்ட பெரிசா எதிர்பாக்காதேங்கோ. வந்த உடன பிறிட்ஜுக்குள்ள வையுங்கோ, பிறீசரில வேண்டாம்.

குடிக்க முதல் வெளிய எடுத்து வைக்கோணும். 10, 12 பாகை அளவு வந்தாப் போதும், எங்கட மத்தியான வெக்கைக்கு கொஞ்ச நேரத்திலயே வந்திடும், பின்னேரமெண்டா இன்னும் கொஞ்சம் விடுங்கோ. ஐஸ்கட்டி போடவே வேண்டாம். ரின்னோட வாய் வைச்சுக் குடிச்சா மணம் மூக்குக்கு வராது, அதால கண்ணாடிக் கிளாஸ் வேணும், நல்லா அலசினது, சவர்க்காரம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் நுரை நிக்காது. சரிச்சுப் பிடிச்சு ஊத்தி கடைசியில நிமித்தி ஒரு ரெண்டு விரல் நுரை வர விடுங்கோ, முட்ட ஊத்தாமல் மேல இடம் விடுங்கோ.

இப்ப மூக்கை உள்ள விட்டு மணந்து பாருங்கோ, இதுதான் முக்கியமான இடம். இதில போடுறது கஸ்கேட் எண்ட அமெரிக்க ஹொப்ஸ், 1972 இல வெளிய வந்த இனம், தோடம்பழத் தோலை நகத்தால கீறினா வாற அந்த மணம்தான், அதுக்குப் பின்னால கொஞ்சம் பூ வாசம். சின்ன மிடறா எடுத்து வாய்க்குள்ள ஒருக்கா உருட்டிப்போட்டு விழுங்குங்கோ. முதல் மோல்டின்ர (முளைக்க வைச்சுக் காயவைச்ச பார்லி) இனிப்பு, பாணின்ர கரை மாதிரி, பிறகு பழப்புளிப்பு மாதிரி ஒரு சாயல், விழுங்கினாப் பிறகுதான் கசப்பு அடித்தொண்டையில ஏறும். அந்தக் கசப்பு சுத்தமா வந்து சுத்தமாப் போகோணும், நாக்கில ஒட்டிக்கொண்டு நிண்டா பியர் பழசா இருக்கலாம். அரைவாசி குடிச்சிட்டு ஒரு பத்து நிமிசம் வைச்சிட்டுத் திரும்பக் குடிச்சுப் பாருங்கோ, சூடு ஏற இனிப்பு முன்னுக்கு வரும், எனக்கு அந்த ரெண்டாவது பாதிதான் பிடிக்கும்.

தவறணைக் கள்ளுக் குடிச்சுப் பழகின ஆக்கள் புளிப்பைத் தேடுவினம், இதில புளிப்பு இருக்கக்கூடாது, உண்மையாப் புளிச்சா பழுதாப்போச்சு. நனைஞ்ச காட்போட் மணம் வந்தா காத்துப் பட்டுப் பழசாகினது. போத்தல் பியரெண்டா வெயிலில வைக்காதேங்கோ, வெளிச்சம் பட்டா ஹொப்ஸ் கெட்டு ஒரு நாத்தம் வரும், ரின்னுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

பைட்ஸுக்கு உறைப்பான இறைச்சிப் பிரட்டல் வேண்டாம், உறைப்பும் கசப்பும் சேந்தா வாய் எரிஞ்சு மற்றதெல்லாம் செத்துப்போகும். வறுத்த கச்சான், இல்லாட்டி மிளகாய்த்தூள் குறைச்சுப் பொரிச்ச இறால், உப்பு அளவா. மோட்டசைக்கிள் திறப்பை முதலே வீட்டுக்காரரிட்டக் குடுத்திடுங்கோ. மிச்சத்தை நாளைக்கெண்டு மூடி வைக்கிற வேலையும் வேண்டாம், காஸ் போய்ச் சப்பெண்டு ஆகீடும், ஒரு ரின்னை ரெண்டு பேர் பிரிச்சுக் குடிக்கிறது நல்லம்.