வளவில் வரைபடம் மாட்டுவது எப்படி

முதலில் ஆணி. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் ஆணி அடிக்காதீர்கள். சுண்ணாம்பை நைசாக அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. ஒரே ஆணியில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்துவிடும். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல் கிளிப் போட்டுப் படங்களைத் தொங்கவிடுங்கள். தேக்குத் தூணில் கயிறு படும் இடத்தில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள்.

நான் கட்டடக்கலை வரலாறு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரம்மா. மாணவர்கள் வீடு வீடாக அளந்து வரைந்த படங்களை வைத்து இதுவரை நான்கு கண்காட்சிகள் நடத்தியிருக்கிறேன். முதலாவது நகரத்தில், ஏ.சி. அரங்கில். வந்தவர்கள் எல்லாரும் எங்கள் தொழில்காரர்கள். எல்லாரும் "ரொம்ப நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவதைக் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் வளவிலேயே, அதாவது தூண்கள் சூழ்ந்த நடுமுற்றத்திலேயே, வைத்தோம். முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று தப்பு கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கட்டடத்தைப் பற்றிய படமோ அந்தக் கட்டடத்திலேயே காட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

நாள் பார்ப்பது முக்கியம். இந்த வீடுகளில் பல, வருஷத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும். பங்காளிகள் படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல் போடும் நாள்) கல்யாணத்துக்கோ கூடும் நாளை விசாரித்து அதற்கு மறுநாள் வையுங்கள். அன்றைக்கே வைத்தால் உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது. அனுமதியையும் ஒருவரிடம் மட்டும் வாங்கினால் போதாது. வீட்டில் எத்தனை பங்கோ அத்தனை பேரிடமும் கேட்க வேண்டும். சென்னையில் இருக்கும் அண்ணன் சரி என்பார், கோலாலம்பூரில் இருக்கும் தம்பிக்குக் கோபம் வரும்.

தலைப்பைச் சின்னதாக வையுங்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்கப்புறம் பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி என்ற மூன்றையும் சொல்லாத கட்டுரையை நான் பார்க்கவில்லை. அதையே நீங்களும் மாட்டினால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். ஒரு கேள்வி போதும். எங்கள் கேள்வி இது: வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் இரட்டை அறைகளில் யார் இருந்தார்கள்? அதற்கு வேண்டிய பதினான்கு படங்கள் மட்டும். மீதி அறுபதும் அலமாரியில்.

அளவெடுக்கும்போது மீட்டரோடு அடி, அங்குலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பையன் அறையின் அகலத்தை 2.51 மீட்டர் என்று அழகாக எழுதி மாட்டியிருந்தான். மரவேலை செய்யும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "அடியில எவ்வளவு தம்பி?" என்றார். 8 அடி 3 அங்குலம். "மூணு தச்சு முழம்னு எழுதுங்க" என்றார். தச்சு முழம் 33 அங்குலம். மூன்று மடங்கு 99. அன்று சாயங்காலம் உட்கார்ந்து மற்ற அளவுகளையும் 33-ஆல் வகுத்துப் பார்த்தோம். சிலது வகுபட்டது, சிலது வகுபடவில்லை. வகுபடாத அறைகள் எல்லாம் பின்னால் சேர்த்துக் கட்டியவையா என்பது இன்னும் எங்கள் நோட்டில் கேள்வியாகத்தான் இருக்கிறது.

படத்தை எந்த உயரத்தில் தொங்கவிடுவது? அருங்காட்சியக வழக்கப்படி படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 145 செ.மீ. இருக்க வேண்டும். நான் அரை அடி இறக்குவேன், ஏனென்றால் படத்தைத் திருத்தப்போகிற ஆச்சிகள் குள்ளம். முக்கியமான இரண்டு தரைப்படங்களைப் பட்டாலையில் (உட்காரும் கூடம்) பாயின் மேலேயே விரித்துவிடுவேன்; சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். முற்றத்து வெயில் எங்கே விழுகிறது என்று முந்தின நாளே மணிக்கு மணி பார்த்து வையுங்கள். பழைய மூலப்படம் ஏதாவது கிடைத்தால் அதை மாட்டவே வேண்டாம். காகிதத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் கணக்கு, முற்றத்தில் அது பல்லாயிரத்தைத் தாண்டும். நகல் எடுத்து மாட்டுங்கள்.

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் நூலில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். செலவு நூறு ரூபாய்கூட ஆகாது. நான் செய்ததில் உருப்படியானது இதுதான்.

அந்தப் பென்சிலைக் கையில் வாங்கிய ஆச்சி ஒருவர், பின்கட்டில் "சமையலறை" என்று நாங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, இங்க ஒரு அடுப்பா இருந்துச்சு? நாங்க ஆறு புள்ளி."

கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்தில் அவர்களை வேறு வைத்துவிடுவார்கள்: ஒரே கூரை, தனி அரிசி, தனி அடுப்பு. ஆச்சி படத்தில் ஆறு வட்டம் போட்டார். பிறகு வளவுக்கு நகர்ந்து எந்த இரட்டை அறைக்கு எந்த அடுப்பு என்று கோடு இழுத்தார். தன் அடுப்புக்கு இழுத்த கோட்டை மட்டும் கொஞ்சம் அழுத்தியே போட்டார். வெளியூரிலிருந்து வந்திருந்த வரலாற்று ஆய்வாளர் ஒருவர் அந்த அறைகளைச் சாமான் அறைகள் என்று எழுதியே வைத்திருந்தார். சாமான் இருந்தது உண்மைதான், சீர்ச்சாமான். ஒவ்வொரு புள்ளியின் பூட்டும் சாவியும் அங்கேதான். அந்த ஆய்வாளர் அங்கேயே நின்று தன் தாளில் அந்த வரியை அடித்தார்.

ஆய்வாளர்களை அழைப்பது இதற்காகத்தான். அழைப்பிதழ் அனுப்பாதீர்கள், கேள்வி அனுப்புங்கள். மூன்று வாரம் முன்னால் படங்களின் பிடிஎஃப்போடு, "இதில் எங்களுக்குப் புரியாத இடம் இது" என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், சரியான ஆள் தானாக வருவார். மேடை, பொன்னாடை, குத்துவிளக்கு எதுவும் வேண்டாம். பொன்னாடை போட்டவரை அப்புறம் யார் மறுத்துப் பேசுவது? ஆளுக்குப் பன்னிரண்டு நிமிஷம், அதுவும் படத்துக்கு முன்னால் நின்றபடி. பக்கத்தில் ஒரு கொத்தனாரோ தச்சரோ நிற்கட்டும். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ், பெங்களூரில் நீதிபதியாக இருந்துகொண்டே சிற்ப நூல்களைப் படித்து லண்டனுக்குக் கடிதம் எழுதியவர். ஏட்டில் இருந்த சொல் பிடிபடாதபோது தஞ்சாவூர்ச் சிற்பி ஒருவரைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார். ராம் ராஸ் இறந்தபின் 1834-ல், இந்துக் கட்டடக்கலை பற்றி அவர் எழுதிய புத்தகத்தை, 48 படத்தாள்களோடு, லண்டனின் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி வெளியிட்டது. அந்தச் சிற்பியின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. அதனால் எங்கள் நோட்டில் திருத்தியவர் பெயர், ஊர், தேதி மூன்றும் இருக்கும். பெயர் போடலாமா என்று கேட்டுக்கொண்டுதான் போடுவோம்.

விளக்கச் சீட்டு தமிழில் மேலே, ஆங்கிலம் கீழே, ஐம்பது சொல்லுக்குள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று அந்த வீட்டில் சொல்கிற சொல்லையே போடுங்கள். இரட்டை அறை எவ்வளவு பெரியது என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட வேண்டுமா? முன்வாசலில் முழு அளவில் கோலமாவால் அதன் தரைப்படத்தைப் போடுங்கள். எங்கள் கோலத்துக்குள் ஒரு சின்னப் பெண் படுத்துப் பார்த்துவிட்டு, "கால் இடிக்குது" என்றாள். கதவு திறக்கும் பக்கத்தை மாற்றிப் போட்டிருந்தோம்!

வீட்டின் பெயரையும், பெட்டகம் இருக்கும் இடத்தையும், விலைபோகிற சாமான்களின் படத்தையும் வெளியே விடாதீர்கள். நாங்கள் ஒருமுறை நிலைக்கதவு ஒன்றின் படத்தைச் சுவரொட்டியில் போட்டுவிட்டோம். அடுத்த வாரமே வீட்டுக்காரருக்குப் பழம்பொருள் தரகர்களிடமிருந்து போன்மேல் போன்.

முடிந்ததும் திருத்தின படங்களை ஸ்கேன் செய்து, ஒரு செட் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு செட் கல்லூரி நூலகத்துக்கும் கொடுங்கள். கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளிலும் "ஆய்வுக்காக வரைந்தது, பாகப்பிரிவினைக்குச் செல்லாது" என்று முத்திரை குத்துங்கள். எங்கள் இரண்டாவது கண்காட்சி முடிந்த பத்தாம் நாள், பங்காளிகள் இருவர் ஆளுக்கொரு வக்கீலோடு என் துறைக்கே வந்தார்கள். ஆச்சி இழுத்த கோடுகளைத்தான் கேட்டார்கள்.