தூசிப் பிளாஸ்மா: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமைகளில் உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தைக்குச் சில பிள்ளைகள் மடிக்கணினியோடு வருவார்கள். பௌதிகவியல் இறுதியாண்டு. தூசிப் பிளாஸ்மாவில், அதாவது இலத்திரன்களும் அயன்களும் பிரிந்து திரியும் வாயுவுக்குள் தூசித் துணிக்கைகளும் மிதக்கும் கலவையில், செயற்திட்டம் செய்கிறார்கள். போன மாதம் மூன்று பேர் தனித்தனியாக எழுதிய செய்நிரல்களைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் ஒரே வரி இருந்தது. மாணவியாக இருந்த காலத்தில் நானும் அதே வரியை எழுதியவள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அலகு மாறிப்போவது, குறி மாறிப்போவது போன்றவற்றை இங்கே தொடவில்லை. அவை எப்படியும் பிடிபட்டுவிடும்.

உரசி ஏறும் ஏற்றம் என்று நினைப்பது

கச்சான் வீசும் மாதங்களில் திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. யன்னலைச் சாத்தினாலும் மேசையில் படியும். காற்றில் பறக்கும் தூசி ஒன்றோடொன்று உரசி ஏற்றம் பெறுவதும் உண்மைதான். ஆனால் பிளாஸ்மாவுக்குள் விழுந்த துணிக்கைக்கு நடப்பது வேறு. இலத்திரன்களும் அயன்களும் அதன்மேல் ஓயாமல் வந்து மோதுகின்றன. இலத்திரன் இலேசானது, வேகமானது. அயனை முந்திக்கொண்டு வந்து ஒட்டும். அதனால் துணிக்கை மறை ஏற்றம் பெறும். ஏற்றம் கூடக்கூடப் பின்னால் வரும் இலத்திரன்களைத் தள்ளும், அயன்களை இழுக்கும். இரண்டு ஓட்டமும் சமனாகும் இடத்தில் அதன் மின்னழுத்தம் மாறாமல் நின்றுவிடும்.

ஐதரசன் பிளாஸ்மாவில் இலத்திரன், அயன் இரண்டின் வெப்பநிலையும் 1 இலத்திரன் வோல்ற்றாக (பிளாஸ்மாவில் வெப்பநிலையை இந்தச் சக்தி அலகில்தான் சொல்வோம்) இருந்தால், தனித்த துணிக்கை ஒன்று ஏறக்குறைய −2.5 வோல்ற்றில் நிற்கும். அதன் ஆரை 1 மைக்ரோமீற்றர் என்றால், அது சுமப்பது சுமார் 1,740 இலத்திரன்கள்.

இல்லாத இலத்திரனைப் பங்கிடுவது

இந்த 1,740 என்ற எண்ணில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். "தனித்த" என்ற சொல்லை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் பெருக்குகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கன சென்ரிமீற்றரில் 10 கோடி அயன்கள் இருக்கின்றன. அதே இடத்தில் 1 இலட்சம் தூசித் துணிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் 1,740 என்றால் தூசி மட்டுமே 17 கோடிக்கு மேல் இலத்திரன்களை வைத்திருக்க வேண்டும். ஆனால் பிளாஸ்மா மொத்தத்தில் நடுநிலையானது; அயன்களின் நேர் ஏற்றத்துக்குச் சமமாகத்தான் தூசியிலும் வெளியிலும் இருக்கும் மறை ஏற்றம் இருக்க முடியும். மிச்ச 7 கோடி எங்கிருந்து வரும்?

கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டால் உடனே சொல்வார்கள். வலை வளைக்கும் ஓர் இடத்தில் ஒரு வலை இறங்கும்போது விழுகிற மீனை, அதே இடத்தில் ஐம்பது வலை இறங்கினாலும் ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்க முடியுமா?

சரி, பெருக்கியதுகூடப் பரவாயில்லை. அப்போது செய்நிரலில் வெளியில் உள்ள இலத்திரன்களின் அடர்த்தி மறை எண்ணாக வரும். எங்கோ பிழை என்று கணினியே சொல்கிறது. அந்த இடத்தில்தான் நான் சொன்ன வரி வருகிறது: அடர்த்தி பூச்சியத்துக்குக் கீழே போனால், அயன் அடர்த்தியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். கணினி சொன்னதைக் கேட்காமல் அதன் வாயைப் பொத்துகிற வரி அது. இப்போதும் அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் அந்த வரியை எழுதியது தூசி அயன் ஒலியலையைக் கணிக்கும்போது. 1992 இல் சுக்லாவும் சிலினும் முன்வைத்த அலை அது. தூசி அசையாமல் இருக்கும். ஆனால் இலத்திரன்களை அது பிடித்து வைத்திருப்பதால் அயன் அலை வேகமாகும். அயன்களின் வெப்பத்தைச் சேர்க்காத எளிய சமன்பாட்டில், அயன் அடர்த்தியை இலத்திரன் அடர்த்தியால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு வேகம் கூடும். கீழே பத்து இலட்சத்தில் ஒரு பங்கைப் போட்டால்? வேகம் ஆயிரம் மடங்கு. எனக்கு வரைபு அழகாக மேலே ஏறியது. புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று ஏழு மாதம் அதன் பின்னால் அலைந்தேன், ஆய்வேட்டில் ஓர் அதிகாரமே எழுதினேன். மேற்பார்வையாளர் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிட்டு, பென்சிலால் ஓரத்தில் ஒரேயொரு கேள்வி எழுதியிருந்தார்: "தூசியில் இருக்கும் இலத்திரன்களை எண்ணினீர்களா?" அந்த அதிகாரம் முழுவதையும் எடுத்துவிட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஓட்டங்கள் சமனாகும் சமன்பாட்டையும் நடுநிலைச் சமன்பாட்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். தூசி கூடினால் வெளியில் இலத்திரன் குறையும். குறைந்தால் ஒவ்வொரு துணிக்கைக்கும் வந்து சேர்வது குறையும். ஆகவே ஏற்றமும் குறையும். மேலே சொன்ன அதே எண்களுக்கு அயன் அடர்த்தியை மாற்றாமல் வைத்துத் தீர்த்தால், துணிக்கைக்கு 1,740 அல்ல, 830 இலத்திரன்கள்தான். வெளியில் மிஞ்சுவது அயன் எண்ணிக்கையில் 17 வீதம். அதே எளிய சமன்பாட்டில் அலை வேகம் 2.4 மடங்காகும், ஆயிரம் அல்ல. தூசி எவ்வளவு நெருக்கம் என்பதை முதலே பார்க்க நோர்வே விஞ்ஞானி ஹாவ்னெஸின் பெயரில் ஓர் எண் உண்டு. தூசியிலுள்ள ஏற்றத்தை இலத்திரன்களின் ஏற்றத்தோடு ஒப்பிடுகிற எண் அது. மிகச் சிறியதாக இருந்தால் தனித்த துணிக்கைக் கணக்குப் போதும். ஒன்றை நெருங்கினால் போதாது. செய்நிரலின் முதல் பத்து வரிக்குள் அதைக் கணித்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள்.

விட்டத்தை ஆரையாகப் போடுவது

துணிக்கைப் போத்தலில் எழுதியிருப்பது பெரும்பாலும் விட்டம்.

ஏற்றம் எப்போதும் மறை என்பது

வெயிலில் அப்படி அல்ல. சூரியனின் புற ஊதாக் கதிர் இலத்திரன்களை வெளியே தட்டிவிடும். நிலவின் பகல் பக்கத்துத் தூசி நேர் ஏற்றம் பெறுவது அதனால்தான்.

இலத்திரனின் கடிகாரத்தில் தூசியைப் பார்ப்பது

சென்ற வாரம் ஒரு தம்பி வந்து, "மிஸ், தூசி அசையவே இல்லை" என்றார். அவருடைய செய்நிரல் இரவு முழுக்க ஓடியிருக்கிறது. ஆனால் செய்நிரலுக்குள் பிளாஸ்மாவுக்குக் கடந்த நேரம் ஒரு மைக்ரோ செக்கன்கூட இல்லை. 1 மைக்ரோமீற்றர் ஆரையும் நீரின் இரு மடங்கு அடர்த்தியும் உள்ள துணிக்கை, ஒரு புரோத்தனைவிட ஏறக்குறைய 5 இலட்சம் கோடி மடங்கு திணிவு உடையது. அது அசைவதைப் பார்க்க வேண்டுமென்றால் இலத்திரன்களை ஒவ்வொன்றாகத் துரத்தக் கூடாது. அவற்றை உடனடியாகச் சமநிலைக்கு வந்துவிடும் பாயமாக எடுத்துக்கொண்டு, நேரப் படியைத் தூசிக்கு ஏற்றபடி வைக்க வேண்டும்.

தூசித் துணிக்கைகளே அசைந்து உண்டாக்கும் அலைக்குத் தூசி ஒலியலை என்று பெயர். அதை 1990 இல் ராவ், சுக்லா, யூ மூவரும் எதிர்வுகூறினார்கள். 1995 இல் பார்க்கன், மெர்லினோ, டி'ஆஞ்சலோ அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அதைப் படம்பிடித்தார்கள். அலைநீளம் சுமார் 0.6 சென்ரிமீற்றர், வேகம் செக்கனுக்குச் சுமார் 9 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 15 அலை. சாதாரண வீடியோக் கமராவே போதும். அந்தத் தம்பியிடம் இந்த எண்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஓர் அலை கடக்கும் நேரத்தை நூறாகப் பிரித்து ஒரு படி என்று வைக்கச் சொல்லி அனுப்பினேன். அதே இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்தது: திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு வரிகள், நான்காவது சற்று மங்கலாக.