பித்தப்பைக்கு டியூப் போட்டவரை வீட்டில் பார்த்துக்கொள்வது

பித்தப்பையில் கல் அடைத்துச் சீழ் வைத்துவிட்டால், லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை ஆபரேஷன்) பித்தப்பையையே எடுத்துவிடுவதுதான் வழக்கம். இதயமோ நுரையீரலோ மயக்க மருந்தைத் தாங்காத நிலையில், அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து, ஸ்கேனில் பார்த்தபடி வலது விலாப் பக்கமாக 8 அல்லது 10 ஃபிரெஞ்ச் டியூப் ஒன்றை (3 மி.மீ. பருமன் இருக்கும்) பித்தப்பைக்குள் விடுவார்கள். டியூபின் வெளிமுனையில் மாட்டிய பையில் சீழும் பித்தமும் வடியும், காய்ச்சல் இறங்கும். கல் மட்டும் உள்ளேயே இருக்கும்.

'அப்பாருக்கு வயசாயிருச்சு' என்பது மட்டுமே டியூபுக்குக் காரணம் ஆகாது. நெதர்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிடம் நடத்தி 2018-ல் வெளியான 'சாக்லேட்' ஆய்வில், லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் டியூப் போட்டவர்களில் 65 சதவீதம் பேருக்கும் பெரிய சிக்கல்கள் வந்தன. உயிருக்கே போராடும் நிலையில் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. டியூப் தேவைப்படுவது பெரும்பாலும் அப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஆபரேஷன் ஏன் முடியாது என்று சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் நேராகவே கேளுங்கள். குளோபிடோக்ரல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, தோலை ஒட்டி டியூபில் எந்த அளவுக்கோடு தெரிகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் அந்தக் கோடு வெளியே தள்ளி வந்திருந்தால் டியூப் நழுவுகிறது என்று பொருள்.

டியூப் கழுவ நார்மல் சலைன் (கிருமி நீக்கிய 0.9 சதவீத உப்பு நீர்) மட்டுமே. காய்ச்சி ஆறவைத்த உப்புத்தண்ணீர் ஆகாது. பெரும்பாலும் தினம் ஒன்றிரண்டு முறை 5 முதல் 10 மில்லி சொல்வார்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததே கணக்கு. கையை சோப்புப் போட்டுக் கழுவி, சிரிஞ்ச் மாட்டும் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, டியூபில் உள்ள அடைப்புத் திருகைத் திருப்பி, பைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, 10 மில்லி சிரிஞ்சால் மெதுவாகச் செலுத்துங்கள். திரும்ப உறிஞ்ச வேண்டாம். வலித்தாலோ இறுகினாலோ அழுத்தாமல் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் திருகைப் பைக்குத் திறந்துவிடுங்கள். இதை மறந்துவிட்டு, ராத்திரி 'பித்தமே வரலை' என்று பதறுவது சகஜம்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டில் தாழ்வு என்பதால் பை தரையில் புரளும். படுக்கைக்கு உயரமான கட்டிலே நல்லது. தோட்டத்துக்கு நடக்கும்போது சட்டைப்பையில் சொருகினால் பித்தம் திரும்பி ஏறும், தொடையோடு பட்டையால் கட்டுங்கள். மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போகாமல் இருப்பதே உத்தமம். மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் துளையில் படக்கூடாது. பை பாதி நிரம்பியதும் காலி செய்து, அளவையும் நிறத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். மஞ்சளும் பச்சையும் இயல்பு. நிறமற்றுச் சளிபோல வந்தால் பித்தப்பைக் குழாய் இன்னும் அடைத்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். வழக்கத்தைவிட மிக அதிகமாக வடிந்தால் உடம்பில் உப்பும் நீரும் குறையும். இதய நோய்க்காரருக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலைக்கூடக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சள், ரத்தம், வயிறு கல்லாக இறுகுவது, திடீரென்று வடிவது நிற்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டியூப் வெளியே வந்துவிட்டால் திரும்பச் சொருகாதீர்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே கிளம்புங்கள்; துளை சில மணி நேரத்திலேயே மூட ஆரம்பித்துவிடும். தாராபுரம், கோபி பக்கம் இருப்பவர்கள் டியூப் போட்ட கோவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே போன் செய்துவிட்டால், அங்கே ஸ்கேன் டாக்டர் தயாராக இருப்பார்.

டியூபை உருவ அவசரம் வேண்டாம். பாதை கெட்டிப்பட 3 முதல் 6 வாரம் பிடிக்கும். சர்க்கரை நோயாளிக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்கும் இன்னும் தாமதமாகலாம். அதற்குமுன் எடுத்தால் பித்தம் வயிற்றுக்குள் கசியும். டியூப் வழியே சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே பார்த்து, பித்தம் குடலுக்கு ஓடுகிறது என்று தெரிந்த பிறகே எடுப்பார்கள். டியூபின் உள்நுனி சுருண்டிருக்கும்; அந்தச் சுருளை ஒரு நூல் பூட்டி வைத்திருக்கும். அதை விடுவிக்காமல் இழுத்தால் உள்ளே கிழியும். எடுக்கும் நாளிலேயே, இப்போது உடம்பு தேறியிருப்பதால் பித்தப்பையை எடுத்துவிடலாமா என்று சர்ஜனிடமும், அந்த ஆபரேஷனும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று காப்பீட்டு கவுன்ட்டரிலும் கேட்டுவிடுங்கள்.