மாட்டு டிபி கிருமியோட 43 கட்டத்தைப் படிக்கறது எப்படி

ஒரு மந்தையில டிபின்னு உறுதியானதும் வர்ற முதல் கேள்வி, இது எங்கேர்ந்து வந்துச்சுங்கறதுதான். புதுசா வாங்கின மாடா, பக்கத்து மந்தையா, காட்டு மிருகமா? இதுக்குத் துப்பு கிருமியோட டிஎன்ஏல இருக்கு, அதைப் படிக்கக் கத்துக்க நல்ல ஆரம்பம் ஸ்பாலிகோடைப்பிங், 1997ல வெளியான முறை.

விஷயம் இதுதான். மாட்டு டிபி கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸோட டிஎன்ஏல ஒரு இடத்துல 36 எழுத்து நீளமுள்ள ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், ரெண்டு துண்டுக்கு நடுவுல ஸ்பேசர்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு ஸ்பேசரும் வேற வேற. அதுல 43 ஸ்பேசர் இருக்கா இல்லையான்னு பாக்கறோம், ஒரு ஸ்பேசருக்கு ஒரு கட்டம்.

முதல்ல வளர்க்கணும். வழக்கமான கிளிசரால் மீடியாவுல (கிருமிக்குச் சாப்பாடு மாதிரி) மட்டும் போட்டுட்டு காத்திருக்காதீங்க, போவிஸுக்கு அது ஒத்துக்காது, பைருவேட் போட்ட மீடியாவும் கூடவே வைங்க. ஆறு எட்டு வாரம்கூட ஆகும், அவசரப்பட்டு தூக்கிப் போட்டுடாதீங்க. இது மனுஷங்களுக்கும் தொத்தற கிருமி, அதனால உயிரோட இருக்கற வரைக்கும் உயர் பாதுகாப்பு லேப்லதான் கையாளணும், சூடாக்கி கொன்னதை உறுதி பண்ணின அப்புறம்தான் வெளிய எடுக்கணும்.

அடுத்தது பிசிஆர், அதாவது அந்த டிஎன்ஏ பகுதியை நிறைய நகல் எடுக்கறது. நகலை ஆரம்பிச்சு வைக்கற சின்ன டிஎன்ஏ துண்டுதான் பிரைமர், ஒரு பிரைமர்ல பயோட்டின்னு ஒரு அடையாளப் பொருள் ஒட்டியிருக்கும், பின்னாடி புள்ளி தெரியறதே அதனாலதான். உங்க சாம்பிளோட மூணு கன்ட்ரோல் கண்டிப்பா போடுங்க: மனுஷ டிபி கிருமி எச்37ஆர்வி, போவிஸ்லேர்ந்து உருவாக்கின தடுப்பூசிக் கிருமி பிசிஜி, வெறும் தண்ணி. தண்ணியோட வரிசையில (லேன்) புள்ளி வந்தா அந்த ரன்னை நம்பவே கூடாது, எவ்வளவு அழகா வந்திருந்தாலும் சரி.

பிசிஆர் பண்ணினதை 43 ஸ்பேசரும் வரிசையா ஒட்டின மெம்பரேன் மேல ஓடவிட்டு, கழுவி, ஃபிலிம்ல எடுக்கணும். கறுப்புப் புள்ளி இருந்தா 1, காலியா இருந்தா 0. மங்கலான புள்ளின்னா ஊகிக்காதீங்க, திரும்பப் பண்ணுங்க.

இப்ப முதல்ல பிசிஜி லேனைப் படிங்க. அதுல 3, 9, 16, அப்புறம் 39லேர்ந்து 43 வரைக்கும் காலியா இருக்கணும். மூணு மூணா பிரிச்சு 110ன்னா 6, 111ன்னா 7, 011ன்னா 3னு எழுதிட்டே போங்க, கடைசி ஒத்தைக் கட்டத்தை அப்படியே எழுதுங்க, 676773777777600 வரும். இது வந்துச்சுன்னா உங்க ரன் சரி, மெம்பரேனைத் தலைகீழா வச்சுப் படிக்கலன்னும் தெரிஞ்சுடும். போவிஸ்ல பொதுவா இதே கட்டங்கள் காலியாத்தான் இருக்கும், அதுக்கு மேல எது காணாமப் போயிருக்குங்கறதுதான் உங்க சாம்பிளோட அடையாளம். உலகப் பட்டியல்ல அதுக்கு எஸ்பி நம்பர் இருக்கும், பிசிஜியோட பேட்டர்னுக்கு எஸ்பி0120.

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ரெண்டு மாட்டுக்கு ஒரே பேட்டர்ன் வந்தா உடனே ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு தொத்திடுச்சுன்னு எழுதிடறாங்க. போன ஸ்பேசர் திரும்ப வராது, ஆனா சம்பந்தமே இல்லாத ரெண்டு கிருமி ஒரே ஸ்பேசரைத் தனித்தனியா இழக்கலாம், பாக்கறதும் ஜீனோம்ல ஒரே ஒரு இடத்தைத்தான். ஒருத்தரோட மந்தை மேல பழி விழற விஷயம், அதனால விஎன்டிஆர்ங்கற இன்னொரு முறையும் சேத்து பாருங்க. அதுல ஜீனோம்ல பல இடங்கள்ல, ஒவ்வொரு இடத்துலயும் துண்டு எத்தனை தடவை வருதுன்னு எண்றோம், உதாரணமா ஈடிஆர்-ஏங்கற இடத்துல ஒரு துண்டு 75 எழுத்து, ஜெல்ல ரெண்டு சாம்பிளுக்கு 150 வித்தியாசம் இருந்தா ரெண்டு துண்டு வித்தியாசம். அதுவும் ஒத்துப்போனா முழு ஜீனோம் சீக்வென்சிங் (கிருமியோட டிஎன்ஏவை முழுசா எழுத்து எழுத்தா படிக்கறது) பண்ணி, மாடு எப்ப எங்க கைமாறுச்சுங்கற பதிவேட்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு அப்புறம் ரிப்போர்ட் எழுதுங்க.