பனிக்கட்டி முதல் நீராவி வரை: பொருளின் நிலைகளைச் சோதித்து அறியும் முறை

ஒரு பொருள் திண்மமா, நீர்மமா, வாயுவா என்று முடிவுசெய்ய, அதற்குத் தனக்கென்று வடிவம் உண்டா, பருமன் (அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு) உண்டா என்ற இரண்டு கேள்விகளே போதும். இரண்டும் இருந்தால் திண்மம், பருமன் மட்டும் இருந்தால் நீர்மம், இரண்டும் இல்லையென்றால் வாயு. மணல் கலனின் வடிவத்தை ஏற்பதுபோல் தோன்றுவதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு மணல்மணியும் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளாததால் அது திண்மமே.

நீர்மத்தையும் வாயுவையும் பிரித்தறிய, ஊசி கழற்றிய சிரிஞ்சில் காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அழுத்துங்கள். தண்டு உள்ளே நகரும். குமிழியில்லாமல் நீரை நிரப்பி அழுத்தினால் நகராது. வாயுவின் துகள்கள் விலகியிருப்பதும் நீரின் துகள்கள் நெருங்கியிருப்பதுமே காரணம்.

ஒரு நிலை இன்னொன்றாக மாறும் விதத்தை அறிய, பொடித்த பனிக்கட்டியை முகவையில் (பீக்கர்) இட்டு, சுழியத்துக்குக் கீழும் 100 டிகிரி செல்சியசுக்கு மேலும் அளக்கவல்ல வெப்பமானியை அடியைத் தொடாதவாறு தாங்கியில் பொருத்துங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. சீரான சிறு சுடரில் சூடேற்றி, கண்ணாடித் தண்டால் கலக்கியபடியே நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள்.

கோடு இரண்டு இடங்களில் கிடையாகப் படுக்கும். இந்தச் சோதனையில் மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது அதைத்தான். பனிக்கட்டி முழுவதும் உருகும்வரை 0 டிகிரியிலும், நீர் கொதிக்கும்போது 100 டிகிரியை ஒட்டியும் (உயரமான மலைப்பகுதிகளில் காற்றழுத்தம் குறைவதால் இன்னும் கீழே) வெப்பநிலை நின்றுவிடுகிறது. அப்போதும் சுடர் தரும் வெப்பம், துகள்களின் வேகத்தைக் கூட்டாமல், அவற்றுக்கிடையிலான ஈர்ப்பிலிருந்து அவற்றை விடுவிப்பதில் செலவாகிறது. இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜோசப் பிளாக் இதை ஆராய்ந்து விளக்கினார்.

ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க ஏறத்தாழ 334 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். உருகிய நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த 418 ஜூல். அதை ஆவியாக்கவோ 2260 ஜூல். உருகும்போது துகள்களின் ஒழுங்கு குலைகிறதே தவிர அவை அருகருகேதான் இருக்கின்றன; ஆவியாகும்போது முற்றிலும் பிரிந்தாக வேண்டும். ஆகவே இரண்டாம் கிடைக்கோடு நீண்டுகொண்டே போகும். அது தெளிவாகத் தெரிந்ததும், நீர் வற்றுவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுங்கள்.

கொதிக்கும் முகவைக்கு மேலே கையை நீட்டவே கூடாது. நீராவி தோலில் பட்டு நீராகும்போது அந்த 2260 ஜூலையும் அங்கேயே இறக்கிவிடுவதால், அதே வெப்பநிலையிலுள்ள கொதிநீரைவிடக் கடுமையாகச் சுடும்.